கைக்கணினி: விலையும் மதிப்பும்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, கல்வியின் சிறப்பைக் குறித்துப் பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அச்சிறப்பு இங்கே கூடியிருப்போர் அறியாததன்று. ஆனால் மூன்று மாதங்களாக நம்முள் தீராத வழக்கு ஒன்று இருக்கின்றது. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைக்கணினி வாங்குவது என்று முடிவாயிற்று. கடைத்தெருவில் 'டேப்' என்று கேட்கிறோமே, அதுதான். எதை வாங்குவது, எத்தனை வாங்குவது என்பதில்தான் வழக்கு. ஒதுக்கிய தொகை 1,30,000 ரூபாய். அது கூலி வேலை செய்வோரும், கல் அறுக்கும் பட்டறையில் நிற்போரும், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிச் செல்வோரும் நூறும் இருநூறுமாகத் தந்த பணம். அதனால்தான் வழக்கு கூர்மையாக இருக்கின்றது, இருக்கவும் வேண்டும்.

பெரியோர்கள் சொல்வது இது: ஐயாயிரத்துக்கே கருவி கிடைக்கும்போது 26 வாங்கலாமே, பிள்ளைக்கு ஒன்றாகிவிடுமே என்பது. இளைஞர்கள் சிலர் சொல்வது வேறு. ஓசூருக்கு அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனுக்கான உறுப்புகள் உருவாகின்றன. நம் மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் அத்தகைய வேலைகளில் இருக்கின்றனர். நம் கைகள் செய்யும் பொருளை நம் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கட்டும், ஐபேடே வாங்குவோம் என்கின்றனர். 2025இல் வெளிவந்த சாதாரண ஐபேடின் அறிமுக விலை 34,900 ரூபாய். நம் தொகையில் மூன்றுதான் தேறும். இவ்விரு கட்சிக்கும் இடையில், 13,000 ரூபாய் அளவில் நல்ல பெயருள்ள ஆண்ட்ராய்டு கருவிகள் உள்ளன. அவை பத்து வரும். நடுவில் நிற்பது என்பதாலேயே எதுவும் நியாயமாகிவிடாது. ஆகவே காரணத்தோடு பார்ப்போம்.

பர்கூர்க்காரர்களுக்கு ஜவுளி வாங்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. வெளியூரார் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்லும் கடைத்தெரு நம்முடையது. கடை விளக்கில் பளபளக்கும் துணியைக் கண்டு நம்மவர் மயங்குவதில்லை. விரலால் நெருடிப் பார்ப்பார்கள், சாயம் நிற்குமா என்று கேட்பார்கள், முதல் சலவையில் தெரிந்துவிடும் என்பார்கள். கைக்கணினியில் அந்த நெருடல் எது, அந்தச் சலவை எது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

நமக்கு மிக அண்மையில், பெங்களூரில் நிகழ்ந்த வரலாறு ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஐபேடு பிறப்பதற்குப் பத்தாண்டு முன்னரே, இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து, ஏழைகளுக்கென்றே ஒரு கையடக்கக் கணினியை உருவாக்க முனைந்தனர். விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோர் அப்பேராசிரியர்கள். கருவியின் பெயர் சிம்ப்யூட்டர். எளியது, மலிவானது, பன்மொழி பேசுவது, மக்களுடையது என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. எழுத்தறியாதவருக்கும் பயன்படுமாறு இந்தி, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளில் படித்துக் காட்டும் ஏற்பாடும் அதில் இருந்தது. தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் வாழும் நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருந்திருக்க முடியாது.

அதில் இன்னொரு நுட்பம். ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும். ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அட்டை வைத்துக்கொள்வர். அட்டையைச் செருகினால் அவரவர் கணக்கு திறக்கும் என்று வகுத்தனர். தனியே வாங்க இயலாதவர்கள் கூடி ஆளும் முறையைக் கருவிக்குள்ளேயே வைத்த அந்த எண்ணத்தை நாம் இன்றும் போற்றுகிறோம்.

ஆயினும் சிம்ப்யூட்டர் நிலைக்கவில்லை. 9,000 ரூபாய்க்குத் தருவது நோக்கமாக இருந்தது. மாதிரி 2001இல் வெளியாயிற்று. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்ததோ 2004இல். விலை 9,950 ரூபாயிலிருந்து தொடங்கியது. விற்றவை சில ஆயிரங்களே. அதற்குள் கைப்பேசி ஊரெல்லாம் பரவிவிட்டது. விலை ஒரு காரணம்தான். அதனினும் பெரிய காரணம் வேறு. அந்தக் கருவிக்கென்று பாடமும் பயன்பாடும் எழுதித் தருவோர் கூட்டம் உருவாகவில்லை. வாங்குவோர் குறைவானால் எழுதுவோர் குறைவர். எழுதுவோர் குறைந்தால் வாங்குவோர் மேலும் குறைவர். கிணற்றில் நீர் இல்லாதபோது ஏற்றம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் என்ன!

இரண்டாவது வரலாறு உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். 2011 அக்டோபர் 5ஆம் நாள், அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் தில்லியில் 'ஆகாஷ்' என்னும் கைக்கணினியை வெளியிட்டார். உலகிலேயே மலிவானது என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்து அரசுக்குத் தந்த விலை சற்றொப்ப 2,276 ரூபாய். ஏழு அங்குலத் திரை. ஆனால் விரல் பட்டாலே உணரும் திரையன்று, அழுத்தினால்தான் உணரும் திரை. செயலியகம் 366 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 மெகாபைட். இவ்வெண்களின் பொருள் விளங்காவிட்டால் கவலை வேண்டாம். ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால் யோசித்துத் திறக்கும் என்று கொள்ளுங்கள்.

நம் பேச்சுக்கு வேண்டிய குறை அதனினும் பெரிது. மற்ற ஆண்ட்ராய்டுக் கருவிகளுக்கு இருந்த கூகுளின் செயலிக் கடை அதில் இல்லை. வேறொரு சிறு கடையை வைத்துத் தந்தார்கள். நகரத்துப் பிள்ளை எந்தக் கடையில் பொருள் எடுக்கிறானோ, அந்தக் கடையின் கதவு ஏழைப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. மேலும் அக்கால ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியா. பெரும்பாலும் கட்டம் கட்டமாகவே தெரியும். தமிழ் தெரியாத கணினியைத் தமிழ்வழிப் பிள்ளைக்கு எதற்குத் தருவது?

2012 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி இரண்டாம் ஆகாஷை வெளியிட்டார். அது பல மடங்கு மேலானது. மாணவருக்கு மானிய விலை 1,130 ரூபாய். ஆனாலும் முதற்கருவியின் கெட்ட பெயரும், வழங்குவதில் நேர்ந்த தாமதமும் திட்டத்தையே நீர்த்துப்போகச் செய்தன. ஆகாஷை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. மலிவாகச் செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டியதற்கு அதற்கும் பங்குண்டு. ஆனால் விலையை முதலில் எழுதிவிட்டு, அந்த விலைக்குள் எது அடங்குமோ அதுவே ஏழைக்குப் போதும் என்று தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதுவே சான்று.

நிற்க. ஏழைக்கான கருவி மட்டும்தான் இப்படிக் கவிழும் என்று எண்ணிவிட வேண்டா. அதே 2011இல் அமெரிக்காவின் பெரு நிறுவனமான எச்.பி., 'டச்பேட்' என்னும் கைக்கணினியை ஜூலை முதல் நாள் 499 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. ஆனால் அதன் இயங்குதளத்துக்குச் செயலிகள் சொற்பம். 49ஆம் நாள், ஆகஸ்டு 18இல், இனித் தயாரிப்பதில்லை என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. மிஞ்சிய சரக்கை 99 டாலருக்குத் தள்ளினார்கள். மக்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். வாங்கியவர் கையில் நல்ல கருவி இருந்தது. அதற்குச் செயலி எழுத ஆளில்லை.

ஆப்பிளின் ஐபேடு 2010இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இந்தியக் கடைகளுக்கு 2011 தொடக்கத்தில் வந்தது. அதன் வலிமை எங்கிருந்தது என்பதை ஸ்டீவ் ஜாப்ஸ் 2011 மார்ச்சில் தம் மேடையிலேயே சொன்னார்: ஐபேடுக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் 65,000, எதிர்த்தரப்பின் புதிய ஆண்ட்ராய்டுக் கைக்கணினிக்கு நூறு. விற்பவர் தம் சரக்கைப் புகழ்ந்து சொன்ன கணக்குதான். ஆயினும் வேறுபாடு மெய்யானதே. அந்நாளில் ஆண்ட்ராய்டுச் செயலிகள் கைப்பேசிக்கென எழுதப்பட்டுக் கைக்கணினியில் இழுத்து விரிக்கப்பட்டவை. சின்னவன் சட்டையைப் பெரியவன் மாட்டிக்கொண்டது போலிருக்கும். படம் வரைய, இசை அமைக்க, ஒளிப்படம் திருத்த இன்றும் ஐபேடுக்கான செயலிகள் பலவும் மேலானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் கட்சியில் நியாயம் உண்டு என்று நாம் சொல்வது இதனால்தான்.

ஆனால் நம் மாலை வகுப்புக்கு எந்தச் செயலிகள் வேண்டும்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுத்தான் மூன்று மாதமாக விலையை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடத்தின் ஓரத்தே கறுப்புக் கட்டம் ஒன்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதைத் 'தீக்ஷா' என்னும் அரசுச் செயலியால் படம் பிடித்தால் அப்பாடத்திற்குரிய காணொளி திறக்கும். இணையம் உள்ள இடத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இல்லாத இடத்திலும் காணலாம். 2023இல் நம் பள்ளிக் கல்வித்துறை 'மணற்கேணி' என்னும் செயலியை வெளியிட்டது. கூகுள் நிறுவனத்தின் 'ரீட் அலாங்' செயலி, பிள்ளை வாய்விட்டுப் படிக்கக் கேட்டுத் திருத்தும், தமிழிலும் உண்டு. கணக்குக்கு ஜியோஜீப்ரா, முக்கோணத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கும் பிள்ளைக்குத் தேற்றம் தானே புலப்படும். தமிழில் எழுத, மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இருக்கின்றது. இவையெல்லாம் காசின்றிக் கிடைப்பவை. தீக்ஷா போன்ற நம் அரசுச் செயலிகள் முதலில் ஆண்ட்ராய்டுக்கே எழுதப்பட்டன என்பதையும் கருதுங்கள். உலகச் சந்தையில் ஐபேடின் கடை பெரிதாக இருக்கலாம். நம் பிள்ளைக்கு வேண்டிய சரக்கு ஆண்ட்ராய்டின் கடையிலேயே குறைவின்றி இருக்கின்றது.

அப்படியானால் ஐயாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டே போதாதா என்று பெரியோர்கள் கேட்பீர்கள். போதாது. ஊரடங்குக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு கடையில், பெயர் கேட்டறியாத கைக்கணினி ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கி வந்தார். பெட்டியின் மேல் எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒன்றாக இல்லை. பாடச் செயலியை ஏற்றியதும் இடமில்லை என்றது. ஏற்றிய மற்றொன்று பாதியில் நின்றது. எட்டாம் மாதம் மின்கலம் உப்பித் திரை பிதுங்கியது. கடைக்காரர் ரசீது கேட்டார். ரசீது கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரக் கூலி அது.

ஆகவே விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஐயாயிரம் ரூபாய்க் கருவி ஓராண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஐயாயிரம். ஐபேடு நெடுங்காலம் உழைக்கும். 2014இல் வந்த ஐபேடு ஏர் 2 என்னும் கருவிக்கு 2021 வரை புதிய இயங்குதளம் வந்துகொண்டிருந்தது. 34,900 ரூபாயை ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு 4,986. கவனித்தீர்களா? மிக மலிவானதும் மிக உயர்ந்ததும் ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒரே விலை! 13,000 ரூபாய்க் கருவி நான்காண்டு உழைக்கும் எனக் கொண்டால் ஆண்டுக்கு 3,250தான். 2024இல் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்க ஒதுக்கிய தொகை 101 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 12,700 ரூபாய் அளவில் வருகின்றது. மொத்தமாக வாங்கும் அரசே அந்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

புதிய இயங்குதளம் வருவது ஏன் பெரிது? செயலியை எழுதுவோர் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கின்றனர். பழைய தளத்தில் புதிய செயலி ஏறாது. உடைந்துபோகாமலே ஒரு கருவி செத்துவிடுவது இப்படித்தான். பெயரில்லாக் கருவிகளுக்குப் பெரும்பாலும் ஒருமுறையும் புதுப்பித்தல் வாராது. பெரிய நிறுவனங்கள் சில இன்று நான்காண்டும் அதற்கு மேலும் வாக்களிக்கின்றன. பெட்டியின் முகப்பில் அதை எழுதமாட்டார்கள். கேட்டுத்தான் பெற வேண்டும்.

இனி, பகிர்ந்து ஆள்வது. பத்துக் கருவி, 26 பிள்ளைகள். நம் தலைமுறையில் ஒரு சிலேட்டை மூன்று பேர் துடைத்துத் துடைத்து எழுதினோம். இவர்களுக்கு அந்தத் துன்பம் வேண்டா. ஆண்ட்ராய்டுக் கைக்கணினிகளில் 2012 முதலே பலர் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. கலைச்செல்வி திறந்தால் அவள் விட்ட இடம், முருகேசன் திறந்தால் அவன் விட்ட இடம். சிம்ப்யூட்டரின் அட்டை இன்று அட்டையின்றியே கிடைக்கின்றது. எல்லா நிறுவனமும் இதை வைத்திருப்பதில்லை. பார்த்து வாங்க வேண்டும். சாதாரணமாக வாங்கும் ஐபேடில் இவ்வசதி இல்லை. பள்ளி நிர்வாகத்துக்கென அமைத்த ஏற்பாட்டில்தான் உண்டு. மூன்று ஐபேடு வாங்கினால் யார் கை முந்துகிறதோ அவர்களுக்கே அவை போகும். முந்தும் கை பெரும்பாலும் ஆண்பிள்ளையின் கையாகவே இருப்பதை மாலை வகுப்பில் நாம் பார்த்துவருகிறோம்.

இலவசச் செயலி குறித்தும் ஒரு சொல். காசு கேளாத செயலிகளில் இருவகை உண்டு. அரசும் அறக்கட்டளையும் பல்கலைக்கழகமும் தருபவை ஒருவகை. விளம்பரத்தால் வாழ்பவை மற்றொரு வகை. பின்னதில் இரண்டு வினாவுக்கு ஒரு விளம்பரம் குதிக்கும். பிள்ளை கணக்கை விட்டு விளையாட்டுக்குப் போய்விடுவான். இவற்றினும் கொடியது, பாடத்தோடு கைக்கணினி இலவசம் என்று வீட்டு வாசலில் வந்து நின்றது. நம் தெருக்களிலும் வந்தார்கள். தாய்மார்களே, உங்களுள் சிலர் கையெழுத்திட்ட தாள் பாடத்துக்கான விண்ணப்பமன்று, கடன் பத்திரம். பிள்ளை பார்ப்பதை நிறுத்திய பின்னும் தவணை நிற்கவில்லை. பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டி அச்சுறுத்தி விற்கும் எவரையும் இனிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். தாளை நாம் படித்துப் பார்க்கிறோம்.

கல்லூரி சென்ற பிள்ளைகளுக்கு நாம் சொல்வது வேறு. அவர்களுக்குத் தட்டச்சு வேண்டும், நீண்ட கட்டுரை வேண்டும். 1991இல் நம் பர்கூர்த் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அம்மடிக்கணினியில் படித்து வேலைக்குச் சென்றவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். 2025 மார்ச்சில் வெளியான நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவிக்கப்பட்டது. எது வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் மடிக்கணினி என்றே சொன்னோம். கைக்கணினி படிக்கவும் பார்க்கவும் சிறந்தது. எழுதி முடிக்க வேண்டியவருக்கு விசைப்பலகை வேண்டும்.

ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நாம் இறங்க இயலாது. நம் கூட்டத்தில் ஒருவர், நம்மவரேதான், 'நம் பிள்ளைகளுக்கு இது போதாதா?' என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. சிக்கனம் கருதிக் கேட்டார். ஆனால் இந்தப் 'போதாதா' நமக்குப் பழகிய சொல். ஓரத்துப் பெஞ்சு போதாதா, பழைய புத்தகம் போதாதா, கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா என்று பிறர் நம்மிடம் கேட்ட சொல். அதை எதிர்த்துத்தான் இந்தச் சங்கம் பிறந்தது. அச்சொல்லை நாமே நம் பிள்ளைகளை நோக்கிச் சொல்லலாகாது. ஊரார் பிள்ளை எந்தக் கடையில் செயலி எடுக்கிறானோ, அதே கடையில் நம் பிள்ளையும் எடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலும் குறையட்டும். தரம் குறைந்த பொருள் நம் மாலை வகுப்பின் வாசலுக்குள் வரலாகாது.

வாங்கச் செல்வோர் ஏழாம் வகுப்பு அறிவியல் நூலை உடன் கொண்டுசெல்லுங்கள். கடையிலேயே பாடக் கட்டத்தைப் படம் பிடித்துக் காணொளி ஓடுகிறதா என்று பாருங்கள். செயலிக் கடையின் அமைப்புகளுக்குள் சென்றால், கருவி கூகுளின் சான்று பெற்றதா என்று காட்டும், அதைப் பாருங்கள். பின்னர் இணையத்தை அணைத்துவிட்டு, இறக்கிவைத்த பாடம் திறக்கிறதா என்று பாருங்கள். தமிழில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டி நிற்கின்றனவா என்று கவனியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். கிருஷ்ணகிரியில் கடைக்குப் பஞ்சமில்லை. ரசீதைச் சங்கத்தின் பெயரில் வாங்குங்கள். பத்துக்கும் உறையும் திரைக் காப்பும் சேர்த்தே பேரம் பேசுங்கள். ஒதுக்கிய தொகைக்கு மேலே போனால் ஒன்பது வாங்குங்கள்.

பெட்டிச் சாவி எவரிடம் இருப்பது, இரவில் மின்னூட்டம் செய்வது எவர் பொறுப்பு என்பவை இன்னும் முடிவாகவில்லை. சாவி மாலை வகுப்புத் தங்கையரிடம் இருக்கட்டும் என்பது நம் கருத்து. முற்பகல் அமர்வு முடிந்ததும் செயற்குழு கூடுகிறது. வரவு செலவு ஏடு மேடையருகே மேசைமீது உள்ளது. பணம் தந்த எவரும் புரட்டிப் பார்க்கலாம்.